பதுளைச் சாலையில் நாற்பத்தைந்து அடி கர்டர்

"இத ரெண்டா வெட்டிக் கொண்டாந்திருக்கலாமே?"

பதுளை ரயில் நிலையத்தின் சரக்குக் கொட்டகையில் நான் கால் வைத்த காலையில் இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் கொட்டகைக் காவலாளி. அடுத்து மூட்டை தூக்குகிறவர்கள். அப்புறம் வெலிமடை உருளைக்கிழங்கு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு வியாபாரி. எரிச்சலோடு எதிரே இருந்த கடைக்குத் தேநீர் குடிக்கப் போனால், தேநீர் ஆற்றுகிறவரும் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டி அதையேதான் கேட்டார்.

கொட்டகைக்கு வெளியே இரண்டு இரும்புக் கர்டர்கள் கிடந்தன. ஒவ்வொன்றும் நாற்பத்தைந்து அடி நீளம், ஒன்றரை டன் எடை. கோயம்புத்தூரில் எங்கள் பட்டறையில் செய்து சிவப்புப் பூச்சு அடித்து அனுப்பியவை. கடல் தாண்டி, ரயிலில் மலையேறி, ஒரு கீறல்கூட இல்லாமல் வந்துசேர்ந்துவிட்டன. மீதி இருந்தது தோட்டத்துக்குப் போகும் பன்னிரண்டு மைல் சாலை. அந்தப் பன்னிரண்டு மைல்தான் என் உயிரை வாங்கியது.

எழுபதுகளின் கடைசி அது. பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஆற்றின் குறுக்கே இருந்த மரப்பாலம் ஒரு மழைக்காலத்தில் வெள்ளத்தோடு போயிருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் தோட்டத்தின் ஒரு பிரிவு இருக்கிறது. கீழ்க்கணக்கு என்பார்கள். அங்குள்ள லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், இருப்பவர்கள் பள்ளிக்கூடம், மருந்துக் கொட்டகை, ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலை எதற்குப் போவதானாலும் பாறைகளின்மேல் கால் வைத்துத்தான் ஆற்றைத் தாண்டவேண்டும். வருஷக்கணக்காக மனுக் கொடுத்து, கடைசியில் எங்கள் பட்டறையில் பாலத்துக்கு ஆர்டர் கொடுத்தார்கள். அதை நிறுத்திக்கொடுக்க என்னை அனுப்பினார்கள். கர்டரை நடுவில் வெட்டி ஒட்டுப்போட்டால் பாரம் அதிகம் விழும் இடத்திலேயே பாலம் பலவீனப்படும். இதை நான் நாலு பேருக்கு விளக்கினேன். ஐந்தாவது ஆளுக்கு விளக்கவில்லை.

தங்க இடம் கொடுத்தவர் லொறிக்கார காசிம் நானா. நானா என்றால் அண்ணன். இங்கே லாரி என்று சொன்னால் சிரிக்கிறார்கள், லொறி என்று சொல்லவேண்டும். காசிம் நானா காட்டு மரம் ஏற்றுகிறவர். லொறிக்குப் பின்னால் நீண்ட கம்பால் இணைத்த இரண்டு சக்கர டிரெயிலர் வைத்திருந்தார். மரத்தின் முன்பகுதி லொறியின் மேலும் பின்பகுதி டிரெயிலரின் மேலும் உட்காரும். கர்டருக்கும் அது பொருந்தும் என்று அவர் எழுதியிருந்ததை நம்பித்தான் நான் கப்பலேறினேன்.

அவருடைய தம்பியின் சாப்பாட்டுக் கடையில் முதல் நாள் இரவு நான் சைவம் என்று சொன்னேன். "அதுக்கென்ன, நல்ல சைவமா தாறேன்" என்று தம்பி ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார். வாயில் போட்டதும் மீன் மணத்தது.

"இதில் மீன் இருக்கிறதே?"

"மீன் எங்க? மாசித் தூள் கொஞ்சம்."

"மாசி என்றால்?"

"மீனைக் காயவச்சு இடிச்ச தூள். மீன் இல்ல, தூள்தான்."

அதன்பிறகு இந்த ஊரை விட்டுப் புறப்படும்வரை பாணும் வாழைப்பழமுமே என் ஆகாரம். பாண் என்பது நம்மூர் பேக்கரி ரொட்டி. ரொட்டி என்று கேட்டால் வேறொன்று வரும். கண்ணுக்கு எட்டியவரை தேயிலை விளைகிற ஊரில் எனக்குக் கிடைத்த தேநீரில் சாயம் மட்டும் இருந்தது. நல்ல தூளெல்லாம் கப்பலேறிவிடுகிறது என்றார்கள். கோயம்புத்தூரின் மூலைக்கடைக் காப்பியை நினைத்துக்கொண்டே அதைக் குடித்தேன்.

மறுநாள் கர்டர்களை ஏற்றிக் கட்டி முடித்தபோது சாலைத் துறையின் ஓவர்சியர் சைக்கிளில் வந்து இறங்கினார். மெலிந்த மனிதர், காக்கிக் கால்சட்டை, சட்டைப்பையில் அளவு நாடா. சிங்களத்தில்தான் பேசினார். காசிம் நானா மொழிபெயர்த்தார்.

"டிரெயிலரைத் தாண்டிப் பின்னால் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது?" என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திராமல் நாடாவை விரித்தார். அளந்தார், தலையை ஆட்டினார். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். பின்னால் இவ்வளவு நீட்டக்கூடாது. வண்டியின் மொத்த நீளம் அளவு மீறுகிறது, அதற்குத் தனி அனுமதி வேண்டும். அனுமதி வந்தாலும் பகலில்தான் ஓட்டலாம். கர்டரின் நுனியில் சிவப்புத் துணி கட்டவேண்டும். வளைவுகளில் ஒரு ஆள் முன்னால் கொடியோடு நடக்கவேண்டும்.

"வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று எரிச்சலில் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"இருக்கிறது" என்றார். "வழியில் ஒரு பழைய பாலம். ஆறு டன்னுக்கு மேல் போகக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறோம். லொறி, டிரெயிலர், இரண்டு கர்டர், எல்லாம் சேர்த்தால் ஏழு டன். ஒரு கர்டரை இறக்குங்கள். இரண்டு தடவையாகக் கொண்டுபோங்கள்."

அதாவது, பாலம் கட்டப் போகிற இரும்பை ஒரு பாலம் தடுக்கிறது. எங்கள் ஊரில் இத்தனை பாரத்தை ராத்திரியோடு ராத்திரியாக மேட்டுப்பாளையம் சாலையில் ஓட்டிப்போய்விடுவார்கள் என்று காசிம் நானாவிடம் சொன்னேன். அவர் அதை மொழிபெயர்க்கவில்லை.

"பேசாம இரிங்க தம்பி. அவர் சொல்றது சரி. அந்தப் பாலத்துல என்ட லொறிதானே போகுது, உங்கட பட்டறை இல்லையே."

அனுமதிக்காகக் கச்சேரி என்கிற மாவட்ட அலுவலகத்துக்கும் சாலை அலுவலகத்துக்கும் நடந்தேன். ஒருவர் பண்டாரவளைக்குப் போயிருந்தார். அவர் திரும்பியபோது கையெழுத்துப் போடவேண்டிய இன்னொருவர் பண்டாரவளைக்குப் போயிருந்தார். அந்த ஊரில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க நானும் ஒரு நாள் பஸ் ஏறிப் போனேன். நல்ல குளிர். கூடை கூடையாகக் கரட்டும் லீக்ஸும் விற்றார்கள். கையெழுத்துப் போடுகிறவர் அதற்குள் பதுளைக்குத் திரும்பிவிட்டார்.

ஒருவழியாக அனுமதி வந்தது. முதல் கர்டரோடு காலையில் கிளம்பினோம். தோட்டத்திலிருந்து கீழ்க்கணக்குத் தொழிலாளர்களின் மேஸ்திரி பெருமாள் கங்காணி ஆறு ஆட்களோடு துணைக்கு வந்திருந்தார். வெள்ளை மீசை, பழைய கோட்டு. ஓவர்சியரும் வந்தார். வளைவுகளில் கொடி பிடித்து நடக்க யாரையாவது அனுப்புவார் என்று நினைத்தேன். அவரே நடந்தார்.

ஆறு டன் பலகை வைத்த பாலத்தில் எங்கள் எல்லோரையும் இறங்கச் சொன்னார். காசிம் நானா மட்டும் தனியாக லொறியை ஓட்டிப்போனார். பாலத்தின் மரப்பலகைகள் முனகின. கீழே எட்டிப் பார்த்த நான் அதன்பிறகு அந்த ஆறு டன் பலகையைப் பற்றிக் கேலி பேசவில்லை.

வளைவுகள் வேறு விதமான வேதனை. லொறி திரும்பியதும் பின்னால் வரும் டிரெயிலர் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு மலையோரத்து வாய்க்காலைத் தேடும். அதே நேரம் கர்டரின் வால் வெளிப்பக்கமாக வீசிப் பள்ளத்தை நோக்கிப் போகும். நுனியில் கட்டிய சிவப்புத் துணி தேயிலைச் செடிகளுக்கு மேலே அந்தரத்தில் ஆடும். ஒவ்வொரு வளைவிலும் நின்று, பின்வாங்கி, மறுபடி திருப்பி, பொழுது சாயும் வேளையில் ஸ்டோருக்கு முன்னால் போய் நின்றோம். கத்திக் கத்தி என் குரல் போயிருந்தது. கங்காணி தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். ஸ்டோரில் அப்போதுதான் இறக்கிய தூளில் போட்டது. இந்தப் பயணத்தில் நான் குடித்த ஒரே நல்ல தேநீர் அதுதான்.

இரண்டாவது கர்டரைக் கொண்டுபோன அன்று காலையிலிருந்தே தூறல். நாளை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அனுமதி இன்றைக்குத்தான் என்றார் ஓவர்சியர்.

பாதிக்கு மேல் ஏறிவிட்டோம். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் டிரெயிலரின் உள்பக்கச் சக்கரம் ஈரமண்ணோடு சரிந்து வாய்க்காலுக்குள் இறங்கியது. அதே நொடியில் கர்டரின் வால் மறுபக்கத்துக் கல்சுவரில் இடித்து இறுகிக்கொண்டது. லொறி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை குறுக்கே கதவு போட்டதுபோல் இரும்பு கிடந்தது. சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கினால்தான் அந்தப் பக்கம் போகலாம்.

ஜாக்கி வைத்தோம். ஈரமண்ணில் ஜாக்கிதான் இறங்கியது, சக்கரம் ஏறவில்லை. கல் கொடுத்து வைத்தோம். கல்லும் இறங்கியது. கீழேயிருந்து ஒரு பஸ் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய ஒருவர் கர்டரை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். "வெட்டமுடியாது!" என்று நானே முந்திக்கொண்டேன்.

அப்போதுதான் மேலேயிருந்து தோட்டத்து லொறி வந்தது. பின்புறம் நிறைய ஆட்கள். தகரப் பெட்டிகள், பாய்ச் சுருள்கள், கயிறு கட்டிய சட்டிபானைகள். ஆண்கள் புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். பெண்கள் கண் வீங்கி இருந்தார்கள். ஏதோ கல்யாணம் என்று நினைத்தேன். பெருமாள் கங்காணியின் முகம் மாறியது.

"எங்க கீழ்க்கணக்குச் சனங்க ஐயா. இந்தியாவுக்குப் போறாங்க. இன்னிக்கு மத்தியானக் கோச்சியப் புடிச்சாத்தான் நாளைக்குத் தலமன்னாருல கப்பல்."

கோச்சி என்றால் ரயில். இரண்டு அரசாங்கங்கள் பேசி முடிவுசெய்து, இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பிரித்த கணக்கில் அங்கே என்று எழுதப்பட்டவர்கள் இவர்கள். பேப்பரில் படித்திருக்கிறேன். என் கர்டருக்கு அந்தப் பக்கம் பெட்டியோடு நிற்பார்கள் என்று நினைத்ததில்லை.

பெட்டிகளைத் தூக்கி இந்தப் பக்கம் கொண்டுவந்து பஸ்ஸில் ஏற்றலாமா என்று கேட்டேன். பஸ்ஸோ சின்னது. அந்தச் சாலையில் திருப்ப இடமில்லை. மைல்கணக்கில் பின்னாலேயே போகவேண்டும் என்றார் டிரைவர். கோச்சி போய்விடும்.

ஓவர்சியர் கடிகாரத்தைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். காசிம் நானாவிடம் ஏதோ சொன்னார். நானா என்னிடம் சொல்லத் தயங்கினார்.

"என்ன சொல்கிறார்?"

"சங்கிலியக் கழட்டிட்டு கர்டரக் கீழ தள்ளிவிடச் சொல்றார் தம்பி. சனங்கட வழிய மறிக்கிற சுமைய அகற்றுற அதிகாரம் தனக்கு ஈக்காம். பாரம் போனா லொறி தானா வெளிய வரும்."

பள்ளம் எங்கேயோ கீழே போயிற்று. அடியில் பாறைகளும் ஓடையும். அங்கே விழுந்தால் கர்டர் வளையும். வளைந்த கர்டர் பழைய இரும்பு. கோயம்புத்தூரிலிருந்து இன்னொன்று வர எத்தனை மாதமோ, எத்தனை வருஷமோ. பட்டறை முதலாளியின் முகம் எனக்கு முன்னால் வந்தது. அந்த லொறியில் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரம் யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை. அளவு நாடா மேலா, மழைமேலா, இரண்டு அரசாங்கங்கள்மேலா?

"தள்ளுங்கள்" என்றேன். "போனால் போகிறது, தள்ளித் தொலையுங்கள்."

காசிம் நானா சங்கிலியில் கை வைத்தார். அப்போது லொறியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். முப்பது வயதிருக்கும். புதுச் சேலைக்கு மேலே, கொழுந்து பறிக்கும்போது போர்த்துகிற கறுப்புக் கம்பளியை மடித்துத் தோளில் போட்டிருந்தாள். பெயர் செல்லம்மா.

"கங்காணியாரே, இது எங்க பாலத்து இரும்பா?"

"ஆமா செல்லம்மா."

"அத ஏன் தள்ளுறாங்க?"

கங்காணி சொன்னார். அவள் கர்டரின் பக்கத்தில் வந்து நின்றாள். என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"தள்ளாதீங்க ஐயா. எம்மவன் அந்தத் தண்ணியிலதான் போனான். பள்ளிக்கூடம் விட்டு வந்தான், கல்லுல கால வச்சான், மேல பேஞ்ச மழைத் தண்ணி வந்துருச்சு. நாங்க போயிருவோம் ஐயா. இருக்கற புள்ளைங்க அந்தக் கல்லுமேலதான வரணும்?"

"கப்பல் போய்விடுமே அம்மா" என்றேன்.

அவளுடைய கணவன் கருப்பையா அதற்குள் பின்னால் வந்திருந்தான். லொறியைப் பார்த்துக் கத்தினான். "எறங்குங்கடா எல்லாரும்! பொம்பளைங்களும் எறங்குங்க!"

இறங்கினார்கள். வழியனுப்ப வந்தவர்களும் இறங்கினார்கள். பக்கத்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளைச் செடிமேல் வைத்துவிட்டு வந்தார்கள். பஸ்ஸிலிருந்தவர்களும் சேர்ந்தார்கள். பஸ் டிரைவர் கயிறு கொண்டுவந்தார். வேலை எனக்கும் வந்தது. எங்கே பிடிக்கவேண்டும், எந்தப் பக்கம் இழுக்கவேண்டும், வால் சுவரிலிருந்து விடுபட்ட பிறகுதான் சக்கரத்தைத் தூக்கவேண்டும் என்று ஆட்களைப் பிரித்து நிறுத்தினேன். வால் பக்கம் பள்ளம். அங்கே சுவரின்மேல் யார் நிற்பது என்று நான் யோசிப்பதற்குள் ஓவர்சியர் ஏறி நின்றார்.

"ஒரே மூச்சுல தூக்கணும்!" என்று கங்காணி குரல் கொடுத்தார்.

முதல் தடவை அசையவில்லை. இரண்டாம் தடவை வால் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்ந்தது. ஒருவன் வழுக்கி விழுந்தான். எல்லோரும் கத்தினார்கள். விழுந்தவனே எழுந்து மறுபடி பிடித்தான். மூன்றாம் தடவை சுவரின் மேற்கற்கள் இரண்டு பள்ளத்தில் உருள, வால் விடுபட்டது. பிறகு டிரெயிலரின் அச்சுக்கு அடியில் மரக்கட்டைகளைக் கொடுத்து நெம்பினார்கள். தோள் கொடுக்க இடமிருந்த இடத்திலெல்லாம் ஆட்கள். எனக்கு இடது பக்கம் செல்லம்மா, வலது பக்கம் பஸ்ஸில் வந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார். காசிம் நானா இன்ஜினை அலறவிட்டார். சக்கரம் வாய்க்காலின் விளிம்பைப் பிடித்து ஏறி, சாலைக்கு வந்தது.

யாரும் கைதட்டவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார்கள். நனைந்த சிவப்புப் பூச்சு எல்லோர் சட்டையிலும் ஏறியிருந்தது. பயணத்துக்கென்று வாங்கிய வெள்ளைச் சட்டைகள். கருப்பையா தன்னுடையதைக் குனிந்து பார்த்தான். துடைக்கப் போய், இன்னும் பரவவிட்டுவிட்டான்.

கர்டர் லொறியை மெல்ல மேலே ஓட்டி, சற்று அகலமான இடத்தில் ஓரம் கட்டினோம். பஸ்ஸும் பின்வாங்கி ஒதுங்கியது. சனங்கள் மறுபடி ஏறினார்கள். செல்லம்மா ஏறுமுன் என்னிடம் வந்தாள்.

"ஐயா இந்தியாவுலருந்துதான வந்திருக்கீங்க? துறையூருப் பக்கம் போயிருக்கீங்களா?"

"போயிருக்கிறேன்."

"அங்கன குளிருமாங்க? எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இவரு தாத்தா பொறந்த ஊராம்."

அவள் தோளில் கிடந்த கம்பளியைப் பார்த்தேன். துறையூரின் சித்திரை வெயிலை நினைத்தேன். மார்கழியில் கொஞ்சம் குளிரும் என்றேன். அவள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.

ஓவர்சியர் கொடியை என் கையில் கொடுத்துவிட்டு அதே தோட்டத்து லொறியில் முன்னால் ஏறினார். வழியில் ஒரு தோட்டத்து ஸ்டோரிலிருந்து ஸ்டேஷனுக்கு டெலிபோன் செய்து கோச்சியைப் பிடித்துவைக்கச் சொல்லப்போகிறாராம். மீதிச் சாலை முழுக்க வளைவுகளில் கொடி பிடித்து நான்தான் நடந்தேன்.

அவர் இரண்டு நாள் கழித்துத் தோட்டத்துக்கு வந்தபோது, சைக்கிளிலிருந்து இறங்குமுன்னே கேட்டேன்.

"ஏறிவிட்டார்கள்" என்றார். காசிம் நானா இல்லாததால் கங்காணி மொழிபெயர்த்தார். "டெலிபோன் வேலை செய்யவில்லை. ஆனால் கோச்சி கிளம்பவில்லை. இன்ஜினில் ஏதோ கோளாறு. எல்லோரும் ஏறி உட்கார்ந்து, இன்னும் வெகுநேரம் காத்திருந்தார்கள்."

இந்த நாட்டில் தாமதமாகக் கிளம்பிய ஒவ்வொரு வண்டியையும் நான் திட்டியிருக்கிறேன். அதை மட்டும் விட்டுவிட்டேன்.

பாலம் நிறுத்த அதன்பிறகு ஐந்து வாரம் ஆயிற்று. சிமெண்டு வர ஒரு வாரம், வந்த சிமெண்டு நனைந்ததால் மறுபடி வர ஒரு வாரம். தினமும் காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது கங்காணி எனக்காக நாலு ஆட்களைக் கேட்பார். இரண்டு பேர் கிடைப்பார்கள். கீழ்க்கணக்கில் கை குறைந்துவிட்டது என்பார்கள். நான் அதைச் சாக்கு என்றே நினைத்தேன். என் கவலையெல்லாம் மழைக்கு முன் வேலையை முடித்துக் காப்பி கிடைக்கிற ஊருக்குப் போய்ச் சேர்வதில் இருந்தது.

முடிந்த அன்று ஓவர்சியர் நாடாவோடு வந்தார். கர்டர், கைப்பிடி, பலகை எல்லாவற்றையும் அளந்தார். நடுவில் நின்று குதித்துப் பார்த்தார். திருப்தி என்றார். கூடவே ஒரு விதி இருக்கிறது என்றார். ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்று பலகை எழுதி வைக்காமல் பாலத்தைத் திறக்கக்கூடாது.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்து, நாற்பது பேர் என்றேன். பெயிண்ட்டர் மூன்று மொழியிலும் எழுதத் தொடங்கினார். பெருமாள் கங்காணி அவருக்குப் பின்னால் நின்று தமிழ் வரியை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"நாப்பது பேரா?"

"ஏன், பத்தாதா?"

அவர் ஆற்றுக்கு அக்கரையில் லயங்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இத்தனை வாரம் அவற்றுக்கு எதிரிலேயே வேலை செய்திருக்கிறேன். பாதிக் கதவுகளில் பூட்டுத் தொங்குவது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"கீழ்க்கணக்குல இப்ப பெரியவங்க, புள்ளைங்க எல்லாம் சேத்தே முப்பத்தாறு பேருதாங்க ஐயா. அடுத்த மாசம் இன்னும் ரெண்டு குடும்பம் போகுது."

ஓவர்சியருக்கு அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. பெயிண்ட் காய்ந்ததும் பலகையை நடச் சொன்னார். நட்டார்கள். கொழுந்துக் கூடைகளோடு அக்கரையில் காத்திருந்த நாலு பெண்கள் ஒருவர்பின் ஒருவராகப் பாலத்தில் ஏறி நடந்து வந்தார்கள். பாலம் கொஞ்சம்கூட அசையவில்லை.